31ஆவது நகர்த்தல்

வெள்ளவத்தை,
கொழும்பு 06

அன்பு மகளுக்கு,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய சதுரங்க ஆட்டத் தாளை வைத்து, நேற்றுப் பின்னேரம் முழு ஆட்டத்தையும் பலகையில் விளையாடிப் பார்த்தேன். கறுப்புச் சிப்பாய் ஒன்று எங்கேயோ தொலைந்துவிட்டது. சோடா மூடியை வைத்துச் சமாளித்தேன். அம்மா தேத்தண்ணியை வைத்துவிட்டு, "அவள் தோற்றது போதாதென்று நீங்களும் ஒருக்கால் தோற்கிறீர்களோ" என்று கேட்டுவிட்டுப் போனா.

ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பக்கத்திலும் மிச்ச நேரத்தை எழுதியிருக்கிறாய். நல்ல பழக்கம், நீ தோற்ற காரணமே அந்த எண்களில்தான் கிடக்கிறது. குதிரையை எந்தப் பக்கம் கொண்டுபோவது என்று 11ஆவது நகர்த்தலுக்கு 22 நிமிடம். இரண்டு பக்கமும் சரிதான். பிடிக்காவிட்டால் பிறகு திருப்பியும் கொண்டுவரலாம். 31இல் ராணிக்கு ராணி வெட்டினாய். அதற்கு 40 செக்கன்.

புறக்கோட்டையில் முப்பது வருஷம் கணக்கு எழுதினவன் நான். குதிரையை நகர்த்துவது பென்சிலால் எழுதுகிற மாதிரி. சிப்பாயைத் தள்ளுவதும் காய்க்குக் காய் வெட்டுவதும் பேனையால் எழுதுகிற மாதிரி, அழிக்க ஏலாது.

ஒரு சிப்பாய் கூட இருந்தால் காய்களைக் குறைக்கச் சொல்வார்கள், பொதுவாகச் சரிதான். ஆனால் உன் கூடுதல் சிப்பாய் இன்னொன்றின் முதுகில் முடங்கிக் கிடந்தது. உன் எதிராளிக்கோ ஓரத்தில் தடையில்லாத சிப்பாய். ராணிகள் நின்றவரை அவனுடைய ராஜா மூலையை விட்டு அசையவில்லை. ராணிகள் போனதும் நடுப்பலகைக்கு நடந்து வந்துவிட்டான். வெறும் சிப்பாய்கள் மிஞ்சினால் மறுகோடிக்கு யார் முந்துவார் என்பதைப் பெரும்பாலும் எண்ணியே பார்த்துவிடலாம். நீயும் எண்ணியிருக்கிறாய், 33ஆவது நகர்த்தலில், 19 நிமிடம்! அதை இரண்டு நகர்த்தல் முந்திச் செய்திருக்கலாம்.

இது உனக்கு மட்டும் நடப்பதில்லை. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் உலகப் பட்டப் போட்டி, இந்தியாவின் குகேஷோடு ஆறரைக்கு ஆறரை என்ற நிலையில் 14ஆவது ஆட்டம். அப்போதைய உலகச் சாம்பியன், சீனாவின் டிங் லிரெனுக்கு ஒரு சிப்பாய் குறைவு, ஆனாலும் சமநிலைதான். 55ஆவது நகர்த்தலில் கோட்டைக்குக் கோட்டை வெட்டி மாற்ற முன்வந்தார். அவருடைய மந்திரி மூலையில் நின்றதால் குகேஷ் அதையும் வலிந்து மாற்றிவிட முடிந்தது; மிஞ்சியது தோற்கிற சிப்பாய் ஆட்டம். உலகப் பட்டமே போய்விட்டது.

முன்பு நாங்கள் நகர்த்தலை முதலில் தாளில் எழுதி, பலகையை ஒருக்கால் வடிவாகப் பார்த்துவிட்டுத்தான் காயைத் தொடுவோம். இப்போது உலகச் சதுரங்கச் சம்மேளனத்தின் (ஃபிடே) விதி அதற்கு விடாது. சரி, வெட்டும் முன் அந்த இரண்டு காய்களையும் மனதால் பலகையிலிருந்து எடுத்துவிடு. இப்போதுதான் வந்து உட்கார்ந்தவள் மாதிரிப் பார்: யாருடைய ராஜா கிட்ட, யாருடைய சிப்பாய் ஓடும், அடுத்த முறை யாருக்கு?

இன்னொன்று. 31இல் நீ பலகையைப் பார்த்து மாற்றவில்லை, கெதியாய் முடிந்தால் போதும் என்று மாற்றினாய் என நினைக்கிறேன். சின்ன வயதில் காலி வீதியைக் கடக்கும்போதும் அப்படித்தான், பாதி தாண்டினதும் என் கையை உதறிவிட்டு ஓடுவாய்.

அடுத்த ஆட்டத் தாளையும் நேரத்தோடு அனுப்பு. 27இல் ஏன் மந்திரியைப் பின்னுக்கு எடுத்தாய் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை கதைக்கும்போது சொல்லு.

அன்புடன்,
அப்பா