மண்வள அட்டையில் ஆர்சனிக்குக்கும் இடம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழனி மலையடிவாரத்தில் மக்காச்சோளம் விளைவிக்கும் எங்களுக்கு, 2018-இல் படைப்புழு வந்தது முதல், பயிர் சோர்ந்து நின்றாலே புழுவின் நினைவுதான் முதலில் எழுகிறது. குருத்தில் புழு இல்லையென்றால் மணிச்சத்து (பாஸ்பரஸ்) குறைபாடு என்று முடிவுகட்டி, அச்சத்தைத் தரும் டிஏபி உர மூட்டையைப் பிரித்துவிடுகிறோம். மண்ணிலுள்ள ஆர்சனிக் என்னும் நச்சுத் தனிமமும் பயிரைக் குட்டையாக்கக்கூடும் என்று எவரும் எண்ணுவதில்லை. எண்ணினாலும், 2015-இல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் வழங்கப்படும் மண்வள அட்டை அதற்கு விடை சொல்லாது. கார அமில நிலை முதல் போரான் வரை அதில் பதியப்படும் 12 விவரங்களில் ஆர்சனிக் இல்லை.

நீர் தேங்காத மேட்டு நிலத்தில் ஆர்சனிக் பெரும்பாலும் ஆர்சனேட் வடிவில் இருக்கிறது. அது வேதி அமைப்பில், பயிர் மணிச்சத்தை எடுத்துக்கொள்ளும் வடிவமான பாஸ்பேட்டை ஒத்திருப்பதால், மணிச்சத்தை உள்ளே எடுப்பதற்கென வேரில் அமைந்த வழியிலேயே பயிருக்குள் புகுந்து, செல்கள் ஆற்றலை உண்டாக்கும் வினையில் பாஸ்பேட்டின் இடத்தைப் பிடித்து அந்த வினையைக் கெடுக்கிறது. பின்னர் ஆர்சனைட் என்னும் வேறொரு வடிவமாக மாறி, நொதிகளிலுள்ள கந்தகத் தொகுதிகளோடு பிணைந்து அவற்றை முடக்குகிறது. முதலில் அடிபடுவது வேர். அதைத் தொடர்ந்து இலை வெளிறும், பயிரின் உயரமும் எடையும் குறையும். மக்காச்சோளம் தான் உறிஞ்சும் ஆர்சனிக்கின் பெரும்பகுதியை வேரிலேயே நிறுத்திக்கொண்டு, தட்டைக்குக் குறைவாகவும் மணிக்கு மிகக் குறைவாகவும் அனுப்புகிறது என்பது உண்பவர்க்கு ஆறுதல். விளைச்சலை இழக்கும் விவசாயிக்கும், அந்தத் தட்டையைத் தின்னும் மாட்டுக்கும் அந்த ஆறுதல் போதாது.

உரம் இடுவதில்தான் சிக்கல் கூடுகிறது. செம்மண்ணில் நிறைந்துள்ள இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் ஆர்சனேட்டை இறுகப் பிடித்து வைத்திருக்கின்றன. பாஸ்பேட்டும் அதே இடங்களுக்குப் போட்டியிடுவதால், மணிச்சத்து உரத்தை அளவின்றி இட்டால் கட்டுண்டு கிடந்த ஆர்சனேட் மண்ணின் ஈரத்தில் கலந்துவிடலாம். அதே பாஸ்பேட் வேரருகே ஆர்சனேட்டை முந்திக்கொண்டு பயிரைக் காப்பதும் உண்டு. எது மேலோங்கும் என்பது மண்ணுக்கு மண் மாறுபடும். மலைத் தோட்டங்களின் அமில மண்ணுக்குச் சுண்ணாம்பு இடும்போதும், அளவு மிஞ்சினால் ஆர்சனேட் விடுபட வாய்ப்புண்டு. சோதனை இல்லாமல் ஊகத்தின் பேரில் உரமிடுவதை நான் ஆபத்தாகக் கருதுவது இதனால்தான்.

எங்கள் மண் முழுவதும் கெட்டுவிட்டது என்று அச்சமூட்டுவது என் நோக்கமன்று. எல்லா மண்ணிலும் இயற்கையாகவே சிறிதளவு ஆர்சனிக் உண்டு. அதற்கு மேல் மனிதர் சேர்ப்பதே கவலைக்குரியது. அமெரிக்கப் பழத்தோட்டங்களில் முற்காலத்தில் தெளித்த காரீய ஆர்சனேட் என்னும் பூச்சிக்கொல்லி, தெளிப்பதை நிறுத்திப் பல பத்தாண்டுகள் ஆகியும் மண்ணில் எஞ்சியிருக்கிறது. மரத்தைக் கரையானிடமிருந்து காக்கும் செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலவையோ 1933-இல் நம் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தில் சொந்தி காமேசன் உருவாக்கியது. அக்கலவை ஊட்டிய பழைய கம்பங்களை எரித்த சாம்பலை உரமென்று நிலத்தில் கொட்டுவது பெருந்தவறு. நச்சு உலோகம் மண்ணை விட்டு எளிதில் அகலாது என்பதை, 2001-இல் மூடப்பட்ட கொடைக்கானல் வெப்பமானித் தொழிற்சாலை வளாகத்தின் பாதரசம் இந்த மலைக்கு ஏற்கெனவே உணர்த்தியிருக்கிறது.

ஒவ்வொரு வயலையும் சோதிக்கச் சொல்லவில்லை. பழைய பழத்தோட்டங்கள், மரக்கிடங்குகள், குப்பைமேடுகள் ஆகியவற்றை ஒட்டிய நிலங்களிலிருந்து மட்டுமாவது வேளாண்மைத் துறை மண் மாதிரிகளை எடுத்து, அருகிலுள்ள கிணற்று நீரையும் சேர்த்து ஆய்வுக்கு அனுப்பி, முடிவை அட்டையிலேயே அச்சிட்டுத் தர வேண்டும். குடிநீருக்கு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் என்று வரம்பு வகுத்திருக்கும் நாட்டில் இது மிகையான கோரிக்கையன்று. புரட்டாசிப் பட்டத்துக்கு முன்பே முடிவு கிடைத்தால், அடியுரத்தின் அளவை அதற்கேற்ப நாங்கள் தீர்மானித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
மக்காச்சோள விவசாயி ஒருவர்,
பழனி மலையடிவாரம், திண்டுக்கல் மாவட்டம்.