கடற்கரையில் ஆறு நாள்

அன்பு நண்பா,

நாங்கள் புறப்படுவதற்கு முந்தின நாள்தான் உன் கடிதம் கைக்கு வந்தது. வண்டியில் சாமான் ஏற்றும் அவசரத்தில் பதில் எழுத முடியவில்லை. இப்போது நேரம் நிறைய இருக்கிறது. எங்கள் மோட்டார்ஹோம், அதாவது வீடும் வண்டியும் ஒன்றான இந்த வாகனம், ஆறு நாளாக ஒரு கடற்கரை ஓரத்தில் அசையாமல் நிற்கிறது. பயப்படாதே, இரண்டு பேரும் நலம்.

முதலில் உன் முட்டி. ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகியும் 80 டிகிரிக்கு மேல் மடங்கவில்லை என்று எழுதியிருந்தாய். படித்ததிலிருந்து மனசு அங்கேயேதான் இருக்கிறது. தங்கச்சி பயிற்சியை விடாமல் செய்ய வைக்கிறாள் என்று நம்புகிறேன். வலிக்கிறது என்று அவளிடம் கோபப்படாதே.

இந்தக் கடற்கரை எங்கள் திட்டத்திலேயே கிடையாது. கடந்துபோக வேண்டிய இடம். அன்று சாயங்காலம் டேஷ்போர்டில் பேட்டரி படம் போட்ட சிவப்பு விளக்கு எரிந்தது. பேட்டரி பழசாகிவிட்டது போல என்று நினைத்து ஓட்டிக்கொண்டே இருந்தேன். அது தப்பு. வண்டி ஓடும்போது அந்த விளக்கு எரிந்தால் பெரும்பாலும் சார்ஜ் ஏறவில்லை என்று அர்த்தம்; உடனே பார்த்திருக்க வேண்டும். இருட்டிய பிறகு ஹெட்லைட் மங்கிக்கொண்டே வந்தது. அப்புறம் எஞ்சின் இரண்டு தடவை திணறி நின்றுவிட்டது. சாலை சரிவாக இருந்ததால் உருட்டிக்கொண்டே வந்து ஓரத்துத் திடலில் நிறுத்தினேன். விளக்கைப் பார்த்து ஒருவர் வந்தார். திடல் அவருடையதுதான். விஷயத்தைச் சொன்னதும், சரியாகும் வரை இங்கேயே இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் மெக்கானிக் வந்து, வேறு பேட்டரியிலிருந்து வயர் கொடுத்து எஞ்சினை ஓடவிட்டு மீட்டர் வைத்துப் பார்த்தார். 14 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டியது 12-ஐக்கூடத் தொடவில்லை. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டர் போய்விட்டது. இந்த மாடலுக்குக் கையிருப்பு இல்லை, வரவழைக்க நான்கு நாள் என்றார். நான்காம் நாள் வந்ததில் புல்லி வேறு அளவு, பெல்ட் உட்காரவில்லை. அவர் முகம் வாடிப்போனது எனக்கே கஷ்டமாக இருந்தது. சரியானது நாளைக்கு வருகிறதாம்.

முதல் இரவு நான் தூங்கவில்லை. நடுக்காட்டில் நிற்பதுபோல ஒரு பதற்றம். இவள்தான் எழுந்து உள்விளக்கைப் போட்டாள். அது பளிச்சென்று எரிந்தது! இந்த வண்டியில் எஞ்சினுக்கு ஒரு பேட்டரி, வீட்டுக்கு ஒரு பேட்டரி. இரண்டும் தனித்தனி. ஒன்று தீர்ந்தாலும் மற்றதைத் தொடாது. கூரைமேல் இருக்கும் சோலார் தகடு பகலில் வீட்டுப் பேட்டரியை நிரப்புகிறது. வண்டிதான் நின்றது, வீடு ஓடிக்கொண்டிருந்தது. தினமும் காலையில் தகட்டின் மேல் படியும் உப்பை ஈரத்துணியால் துடைப்பது என் வேலையாகிவிட்டது.

ஃப்ரிட்ஜ் மட்டும் முதலில் குளிரவில்லை. அது கேஸில் ஓடுவது. உள்ளே அம்மோனியா கலந்த நீர் தன் எடையாலேயே வழிந்து சுற்றி வர வேண்டும். வண்டி சாய்ந்து நின்றால் ஓட்டம் தடைபட்டுவிடும். ஃப்ரிட்ஜுக்கு உள்ளே ஒரு தட்டில் தண்ணீர் வைத்து, அது எந்தப் பக்கம் ஒதுங்குகிறது என்று பார்த்துப் பார்த்து, ஜாக்கியால் தூக்கி, சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து மட்டமாக்கினேன். அரை நாள் போனது. சாயங்காலம் உள்ளே கை வைத்தபோது சில்லென்றிருந்தது.

அதற்குப் பிறகுதான் கடலைப் பார்க்க ஆரம்பித்தேன். இரண்டாம் நாள் காலை தண்ணீர் உச்சத்துக்கு ஏறிய இடத்தில் ஒரு குச்சியை நட்டேன். அப்போது மணி 7. அடுத்த நாள் அதே ஏற்றம் 7:50-க்கு வந்தது. அதற்கடுத்த நாள் 8:40. நிலவு உதிப்பது நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, கடலும் அந்தக் கணக்கில்தான் நடக்கிறது. பௌர்ணமி நெருங்குவதால் ஏற்றம் நாளுக்கு நாள் கூடுகிறது. இன்று நட்டது ஐந்தாவது குச்சி. முதல் குச்சியிலிருந்து நான்கு எட்டு மேலே நிற்கிறது.

நேற்றுப் பிற்பகல் நீர் வடிந்த ஈர மணலில் விரல் நகம் அளவு நண்டு ஒன்றைப் பார்த்தேன். வளையிலிருந்து வெளியே வந்து, மணலை இரண்டு இடுக்கியாலும் அள்ளி வாயில் வைக்கிறது. அதில் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத உணவை எடுத்துக்கொண்டு, மணலை மிளகு அளவு உருண்டையாக்கிக் காலால் பின்னுக்குத் தள்ளுகிறது. ஒரு வரிசை முடிந்ததும் வளைக்குத் திரும்பி அடுத்த பக்கம். ஒரு மணி நேரத்தில் வளையைச் சுற்றி சூரியன் வரைந்ததுபோல உருண்டைகள். இவளும் பக்கத்தில் வந்து குந்தினாள். கால் மரத்துப்போகும் வரை இரண்டு பேரும் பேசவே இல்லை. இன்று காலை தண்ணீர் ஏறி எல்லாவற்றையும் அழித்துவிட்டது. சாயங்காலம் வடிந்தால் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும்.

இந்தப் பயணத்தில் இதற்குமுன் பதினோரு இடத்தில் தங்கினோம். எதையும் நான் இரண்டாம் தடவை பார்க்கவில்லை என்பது இங்கேதான் உறைத்தது. இங்கே அதே பாறையை, அதே படகை ஆறு நாளாகப் பார்க்கிறேன். பகலில் கடலிலிருந்து வரும் காற்று ராத்திரி தரையிலிருந்து திரும்பி வீசும்போது, கதவுத் திரை வெளிப்பக்கமாகப் புடைப்பதுகூடத் தெரிகிறது.

உன் கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். ஆறு வாரமும் வீணாகப் போனது என்று எழுதியிருக்கிறாய். அதே கடிதத்தில், ஜன்னலுக்கு வெளியே அணில் நாரும் பஞ்சும் கொண்டுவந்து கூடு கட்டுவதை அரைப் பக்கம் எழுதியிருக்கிறாய். இத்தனை வருஷத்தில் உன் கடிதம் எதிலும் அப்படி ஒரு அரைப் பக்கம் வந்ததில்லை. இவளுக்கு வாசித்துக் காட்டினேன், இன்னொரு தடவை படி என்றாள். குட்டி போட்டதா?

அடுத்த பயணத்துக்கு நீயும் தங்கச்சியும் எங்களோடு வர வேண்டும். இரண்டு பேர் படுக்க இன்னும் இடம் இருக்கிறது. ஒரே கவலை, வண்டிப் படி தரையிலிருந்து 40 சென்டிமீட்டர் உயரம். உனக்குச் சிரமம். சக்கரத்துக்குக் கொடுத்ததில் மிச்சமான கட்டைகளை அடுக்கி 20 சென்டிமீட்டரில் இடையில் ஒரு படி வைத்திருக்கிறேன். வலது காலை உன்னைப் போல விறைப்பாக வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்து இன்று காலை நாலைந்து தடவை ஏறி இறங்கிப் பார்த்தேன். இடது காலை முதலில் வைத்தால் ஏற முடிகிறது. இறங்குவதுதான் கஷ்டம், அதற்கு இன்னொரு கட்டை தேட வேண்டும். எத்தனை டிகிரி மடங்குகிறது என்று எழுது.

என்றும் உன்,
பழைய பெஞ்சுக்காரன்