மாத்திரை வீடு தேடி வருகிறது, இதயச் செவிலியரும் வர வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாகர்கோவிலில் செவிலியர் படிப்பை முடித்த நான், கடந்த ஒன்பது ஆண்டுகளாகக் கிழக்கு லண்டனில், இதயச் செயலிழப்பு நோயாளிகளை அவர்களுடைய வீடுகளுக்கே சென்று கவனிக்கும் சிறப்புச் செவிலியராகப் பணியாற்றி வருகிறேன். தமிழ்நாட்டின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு கோரிக்கையைத் தங்கள் நாளிதழ் வழியாக முன்வைக்க விரும்புகிறேன்.

இதயச் செயலிழப்பு என்றதும் இதயமே நின்றுவிட்டதாகப் பலர் அஞ்சுகிறார்கள். 'பம்பிங் குறைந்துவிட்டது' என்று நம் ஊரில் சொல்கிறோமே, அதுதான் இந்த நோய். மாரடைப்பில் தசையின் ஒரு பகுதி செத்துப்போனாலோ, பல ஆண்டு ரத்தக் கொதிப்பால் தளர்ந்தாலோ இதயம் வலுவிழக்கிறது. உடலில் நீர் தேங்கிக் கால் வீங்குகிறது, படுத்தால் மூச்சு முட்டுகிறது. மருத்துவமனையில் ஊசி போட்டு அந்த நீரை வெளியேற்றியதும் நோயாளி தெளிந்துவிடுவார். வீடு திரும்பிய பிறகு வரும் வாரங்கள்தான் ஆபத்தானவை.

அதனால்தான், வீடு திரும்பிய இரண்டு வாரங்களுக்குள் சிறப்புக் குழுவினர் நோயாளியைப் பார்க்க வேண்டும் என்று இங்குள்ள தேசிய வழிகாட்டுதல் சொல்கிறது. ஈஸ்ட் ஹாமில் ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவை அப்படித்தான் பார்க்கப் போனேன். மருத்துவரிடம் மகன் மூலம் 'சுகமாக இருக்கிறேன்' என்றே சொல்லி வந்தவர், நான் தமிழில் பேசியதும், "பிள்ளை, கட்டிலில படுக்க ஏலாது, ஒரு கிழமையா கதிரையிலதான் நித்திரை" என்றார். ஒரு வாரமாக நாற்காலியிலேயே தூங்குகிறாராம். அவருடைய கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலால் அழுத்தினேன்; எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. நிறுத்துப் பார்த்தால் நான்கு கிலோ கூடியிருந்தது. அன்றே நீர் மாத்திரையின் அளவைக் கூட்டினோம், மறுநாள் ரத்தம் எடுத்தோம், உப்பு மிகுந்த ஊறுகாய்ப் போத்தலைப் பற்றியும் மெதுவாகப் பேசினேன். மருத்துவமனைக்குப் போகாமலே பத்தாம் நாள் அவர் கட்டிலில் படுத்து உறங்கினார்.

இந்த நோய்க்கு இன்று நான்கு வகை மருந்துகள் உள்ளன. அவற்றில் சிலவற்றைக் குறைந்த அளவில் தொடங்கி, ரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, சிறுநீரகம், பொட்டாசியம் ஆகியவற்றைப் பார்த்துப் பார்த்து, சில வாரங்களுக்கு ஒருமுறை படிப்படியாகக் கூட்ட வேண்டும். கூட்டம் நெரியும் புறநோயாளர் பிரிவில் ஒரு மருத்துவரால் இதைப் பொறுமையாகச் செய்ய முடியாது. அது அவருடைய குற்றமும் அல்ல. பிரிட்டனில் உரிய தகுதி பெற்ற செவிலியர்கள் 2006 முதல் ஏறத்தாழ எல்லா மருந்துகளையும் தாமே எழுதித் தர முடிகிறது. கிளாஸ்கோவில் 165 நோயாளிகளிடம் நடந்து 2001-இல் வெளியான ஆய்வு, சிறப்புச் செவிலியர் கவனித்தவர்கள் இதயச் செயலிழப்புக்காக மீண்டும் மருத்துவமனையில் சேர்வது குறைந்ததைக் காட்டியது.

தமிழ்நாட்டில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே இருக்கிறது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வாசலுக்கே கொண்டுவருகிறது. 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு முதலுதவியாகப் பதினான்கு மாத்திரைகள் உடனே தரப்படுகின்றன. இரண்டும் நான் பெருமையோடு இங்கே சக செவிலியர்களிடம் சொல்லும் திட்டங்கள். ஆனால் அந்த நெஞ்சுவலியில் பிழைத்து, பம்பிங் குறைந்து வீடு திரும்புகிறவரின் அடுத்த ஆறு மாதங்களுக்குப் பொறுப்பான ஒருவர் வேண்டும். திருவனந்தபுரத்தில் 2013-இல் 1,205 இதயச் செயலிழப்பு நோயாளிகளைப் பதிவுசெய்த ஆய்வில் அவர்களின் சராசரி வயது சுமார் 61. இங்கே நான் பார்ப்பவர்களில் பெரும்பாலோர் எழுபதைத் தாண்டியவர்கள். நம் பக்கத்தில் உழைத்துக்கொண்டிருக்கும் வயதிலேயே இந்த நோய் வந்துவிடுகிறது.

என் தந்தை மாரடைப்புக்குப் பின் வீடு திரும்பியபோது, கையில் ஏழு மாத்திரைகளின் சீட்டு இருந்தது. தினமும் எடை பார்க்க வேண்டும், உப்பைக் குறைக்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. "கால் லேசா வீங்கியிருக்கு, நடந்தா சரியாயிரும்" என்று தொலைபேசியில் அவர் சொன்ன அன்றிரவே மூச்சுத்திணறி மீண்டும் சேர்க்க வேண்டியதாயிற்று. அதன் பிறகு அம்மா ஒவ்வொரு காலையிலும் அவருடைய எடையை மாதக் காலண்டரின் கட்டத்தில் எழுதத் தொடங்கினார். மூன்று நாளில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினால் ஊர் மருத்துவரிடம் காட்ட வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. அடுத்த இரண்டு ஆண்டுகளில் அந்தக் காலண்டர் அவரை இருமுறை மருத்துவமனைக்குப் போகாமல் தடுத்தது.

ஆகவே, வட்டாரத்துக்கு ஒரு செவிலியரையாவது தேர்ந்து, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் இதயவியல் துறையில் பயிற்சி அளித்து, வீடுகளுக்கு அனுப்ப வேண்டுகிறேன். மருந்தளவை எந்த வரம்புக்குள் மாற்றலாம் என்பதை மருத்துவ அலுவலர் எழுத்தில் தரலாம். முதலில் ஒரே ஒரு மாவட்டத்தில் தொடங்கினாலும் போதும். அதற்கும் முன்பாக நாளையே செய்யக்கூடியது ஒன்று உண்டு: வீட்டுக்கு அனுப்பும் சீட்டில், அன்றைய எடையையும் அழைக்க வேண்டிய தொலைபேசி எண்ணையும் தமிழில் பெரிதாக எழுதிக் கொடுக்கலாம்.

இப்படிக்கு,
இதயச் செயலிழப்புச் சிறப்புச் செவிலியர்,
கிழக்கு லண்டன்.