ஊராட்சிதோறும் ஊர் ஏடு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஊர் வரலாறு எழுத வேண்டும் என்ற பேச்சு நெல்லைச் சீமையில் கோயில் கொடை நாளில் எழும்பி, அதோடு அடங்கிவிடுகிறது. செக் நாட்டில் அது சட்டம். எந்தச் சிற்றூரும் தன் நடப்புகளைப் பதியும் ஊர் ஏடு எழுதி வர வேண்டும் என்று 1920-லேயே விதித்துவிட்டார்கள். இப்போதுள்ள 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆண்டுக்கு ஒரு தடவையாவது எழுத வேண்டும். கணினியில் எழுதினாலும் ஆண்டு முடிவில் அச்செடுத்து, பக்க எண் இட்டு, கட்டி வைக்க வேண்டும். 18 வயது நிறைந்த ஊர்க்காரர் யாரும் திருத்தம் கேட்கலாம்.

எழுத்து இருந்தால் ஓர் ஊரை எவ்வளவு தூரம் பின்னோக்கிப் பார்க்கலாம் என்பதற்கு, அந்நாட்டின் தெற்கு பொகீமியாப் பகுதியில் செஸ்கே புதேயோவிட்சே நகருக்கு மேற்கே உள்ள ஹோலாஷோவிட்சே என்ற சிற்றூர் நல்ல சான்று. 1263-இல் ஆவணத்தில் பெயர் வருகிறது. 1292-இல் மன்னர் இரண்டாம் வென்செஸ்லாஸ் அவ்வூரை விஷ்ஷி பிரோட் கிறிஸ்தவத் துறவியர் மடத்துக்கு எழுதி வைத்தார். 1520–25 கொள்ளைநோயில் மிஞ்சியவர்கள் இரண்டே பேர். பவேரியாவிலிருந்தும் ஆஸ்திரியாவிலிருந்தும் ஆட்களைக் குடியேற்றினார்கள். 1530 கணக்கில் 17 பேர். நடுவில் நீள்சதுரமான ஊர்ப் பொதுத்திடல். அதில் மீன்குளமும் 1755-இல் கட்டிய சிற்றாலயமும். சுற்றிலும் 23 பண்ணை வீடுகள், எல்லாம் குறுகிய முகப்பைத் திடலுக்குக் காட்டி நிற்கின்றன. முற்றம், களஞ்சியம், தோட்டம் எல்லாம் பின்னால். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மானியக் குடிகள் வெளியேற்றப்பட, பல வீடுகள் பூட்டிக் கிடந்தன. ஆளில்லாததால் இடித்துக் கட்டவும் யாருமில்லை. பழைய அமைப்பு தப்பியது. 1990-க்குப் பின் சீரமைத்தார்கள். 1998-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது.

நமக்குப் பழைய எழுத்துக்குப் பஞ்சமில்லை. வரகுண பாண்டியன் இளங்கோக்குடிச் சபையிடம் 290 காசு ஒப்படைத்ததை அம்பாசமுத்திரம் எரிச்சாவுடையார் கோயில் கல்வெட்டு இன்றும் சொல்கிறது. காணாமல் போவது அண்மைக் காலம்தான். 1980-இல் ஊர்க் கணக்கு எழுதிய கர்ணம், கிராம முன்சீப் பதவிகள் ஒழிந்தன. அவர்கள் வீட்டுக் கணக்குக் கட்டுகள் பல இடங்களில் கரையானுக்குப் போயின. 1986-இல் தூத்துக்குடியும் 2019-இல் தென்காசியும் பிரிந்ததில் ஒரே ஊரின் தாள்கள் இரண்டு மூன்று அலுவலகங்களில் கிடக்கின்றன. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியது வானிலைத் துறைப் பதிவில் இருக்கிறது. எந்தத் தெருவில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்பது பல ஊர்களில் எங்கும் இல்லை.

ஊர் ஏட்டின் முதல் பக்கத்தில் எல்லை, புல எண்கள், குளத்துக்குத் தண்ணீர் கோடகன் கால்வாயிலிருந்தா, பாளையங்கால்வாயிலிருந்தா, எந்த மடை வழியாக என்பதை எழுத வேண்டும். அ-பதிவேட்டையும் (ஊர் நிலப் பதிவேடு) புலப்படத்தையும் (நில அளவை வரைபடம்) பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினால் பிழை வராது. வெள்ளத்தை ‘இடுப்பளவு’ என்று எழுதிப் பயனில்லை. பள்ளிக்கூடச் சுவர் போல அசையாத ஓரிடத்தில் தரையிலிருந்து டேப் பிடித்து அளந்து, தேதியும் மணியும் குறிக்க வேண்டும். கல்வெட்டைச் சாய்வெயிலில் படம் எடுத்தால் எழுத்து துலங்கும். சுண்ணாம்பு, பெயின்ட் பூசவே கூடாது. மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்தால் எழுத்தே போய்விடும்.

வேலை நின்றுபோவது பெரும்பாலும் கோயில் மரியாதையிலும் ‘முதலில் குடியேறியது யார்’ என்பதிலும்தான். ஏடு எழுதுபவர் அங்கே தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒவ்வொரு தரப்பும் சொன்னதை, சொன்னவர் பெயர், வயது, தேதியுடன் தனித்தனிப் பக்கத்தில் எழுதி, அவரிடமே வாசித்துக் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும். தலபுராணத்துக்குத் தனிப் பகுதி இருக்கட்டும். ஆவணத்தோடு கலந்தால் இரண்டுமே கெடும்.

நனைந்தால் ஓடும் பேனா மை ஆகாது. ஸ்டேப்ளர் பின் துருவேறித் தாளை அரிக்கும். நூலால் தைப்பதே நல்லது. பழைய பத்திரங்களை லேமினேஷன் செய்யக் கூடாது, பிறகு பிரிக்க முடியாது. ஏட்டைச் சுவரை ஒட்டாத இரும்பு பீரோவில் வைத்து, ஒரு படியை ஊர் நூலகத்தில் கொடுக்க வேண்டும்.

வரும் அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாக வைத்து, எழுத ஒருவரையும் சரிபார்க்க இருவரையும் அமர்த்துமாறு நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்ட ஊராட்சி நிர்வாகங்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஊர் வரலாற்று ஆர்வலர்கள்,
கல்லிடைக்குறிச்சி.