முத்துலட்சுமி ரெட்டி உதவி மூன்றாம் பிரசவத்துக்கு ஏன் இல்லை?

தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். கிராம சுகாதார செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான்.

1987-இல் 300 ரூபாயில் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி, 2018-இல் 18,000 ஆனது. அதில் 4,000 ரூபாய்க்கு ஊட்டச்சத்துப் பெட்டகம். பணத்தால் மட்டுமே தாய்மார் சாவு குறைந்தது என்று சொல்ல மாட்டேன். இரவிலும் நர்ஸ் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையம், சிக்கலான பிரசவத்தையும் பச்சைக் குழந்தையையும் அவசரத்தில் கவனிக்கும் சீமாங்க் மையம், 108 வண்டி, ஒவ்வொரு சாவையும் அலசும் கூட்டம் இவையெல்லாம் சேர்ந்துதான், லட்சம் பிறப்புக்கு 134 (2001-03) என்றிருந்ததை 54-க்கு (2018-20) இறக்கின. ஆனால் மாமியாரே மருமகளைச் சீக்கிரம் கூட்டிவந்து பதிய வைத்தது அந்தப் பணத்துக்காகத்தான். பதிந்தால்தானே பிரஷரும் ரத்தமும் பார்க்க முடியும்?

அப்படியிருக்க, உதவி யாருக்குக் கிடையாது என்று பாருங்கள். மூன்றாவது பிரசவத்துக்குக் கிடையாது. 19 வயது நிரம்பாதவளுக்குக் கிடையாது. ஹை ரிஸ்க் என்று நாங்கள் சிவப்பு மையில் எழுதுவதே இவர்களைத்தான்!

பல முறை பெற்றவளுக்குப் பிள்ளை பிறந்ததும் கர்ப்பப்பை சரியாகச் சுருங்காமல் ரத்தம் கொட்டலாம்; சில மணி நேரத்தில் ஆள் போய்விடுவாள். முதலிரண்டும் சிசேரியன் என்றால், பழைய தழும்பில் நச்சுக்கொடி ஒட்டிப் பிரியாமல் போகும் ஆபத்து வேறு. ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி நம் மாநிலத்தில் நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன்தான். இவளைத்தான் மூன்றாம் மாதமே செக்கப்புக்கு இழுத்துவர வேண்டும். "எனக்குத்தான் காசு ஒண்ணும் வராதேக்கா, நாத்து நடவு முடியட்டும், வரேன்" என்பாள். என்ன பதில் சொல்ல?

சிறு குடும்பத்துக்காக என்பீர்கள். ஒரு பெண்ணுக்கு 1.8 குழந்தை என்ற அளவுக்கு எப்போதோ வந்துவிட்டோம். இரண்டும் பெண்ணாகிவிட்டதே என்று மூன்றாவதற்கு நெருக்குவது பெரும்பாலும் வீட்டார், தண்டனை அவளுக்கு. 2013 உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிகளுக்குக் குறைந்தது 6,000 ரூபாய் என்கிறது. எத்தனையாவது பிரசவம் என்று அது கேட்கவில்லை.

சின்ன வயதுக்காரிக்குப் பணம் கொடுத்தால் இளவயதுக் கல்யாணம் கூடுமே என்ற பயம் எனக்கும் உண்டு. அவளுக்குப் பெட்டகத்தையாவது கொடுங்கள். மூன்றாம் பிரசவக்காரிக்கு இரண்டையும் கொடுங்கள், பணத்தைப் பிரசவத்துக்கு முன்பே.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர்