பெட்டிக்குள் நான்கு ஊசிகள்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. வீடு மாறிய அலைச்சலில் பதில் போட முடியவில்லை. அம்மாவுக்கு இனி படியேற முடியாது என்பதால் தரைத்தளத்துக்கு வந்துவிட்டோம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? பிசியோதெரபியை நடுவில் விட்டுவிடாதே. என் அண்ணி விட்டுவிட்டு இப்போது அவதிப்படுகிறார்.

சாமான் கட்டும்போது பரணிலிருந்து அப்பாவின் தகரப் பெட்டி இறங்கியது. அப்பா போய் ஒரு வருஷம் ஆகியும் அதைத் திறக்க யாருக்கும் மனம் வரவில்லை. உள்ளே இரண்டு பாஸ்போர்ட், ஒரு கட்டு நீல ஏர்மெயில் கடிதங்கள், பெரியம்மை வந்த குழந்தையின் படம் போட்ட அட்டை, ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் நான்கு ஊசிகள்.

அந்த அட்டை உனக்கு ஞாபகம் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து ஒரு வாரம் எங்கள் வீட்டுப் பக்கமே நீ வரவில்லை. 1974-ல் பெரியம்மை ஒழிப்பு வேலைக்காகப் பீகார் போனபோது அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் அப்பா வீடு வீடாக ஏறி இறங்கினார். "இப்படி முத்து போட்ட பிள்ளை யாராவது உண்டா?" என்ற ஒரு கேள்வியை மட்டும் இந்தியில் மனப்பாடம் செய்து வைத்திருந்தாராம். ஊர் முழுக்க அம்மை குத்திக்கொண்டே இருந்தும் நோய் ஓயவில்லை. அதனால் வழியை மாற்றியிருந்தார்கள். நோய் வந்த வீட்டைக் கண்டுபிடி, வாசலில் இரவும் பகலும் காவல் போடு, சுற்றியிருக்கும் அத்தனை பேருக்கும் குத்து. கேட்க எளிதாக இருக்கிறது. நம் பக்கம் மாரியம்மன் மாதிரி அங்கே சீதளா தேவி. வந்திருப்பது தேவி என்று பிள்ளையைப் பின்கட்டில் மறைத்துவிடுவார்களாம். அப்பா முதலில் கும்பிட்டுவிட்டுத்தான் ஊசியை எடுப்பாராம். கோயில் பக்கமே போகாத மனிதர்!

1975 மே 24, அசாமின் கரீம்கஞ்ச். இந்தியாவில் கடைசியாகப் பெரியம்மை கண்டது அங்கேதான். இனி அப்பா வீட்டோடு இருப்பார் என்று நினைத்தோம். அவர் எத்தியோப்பியா போனார், அப்புறம் சோமாலியா. தங்கைக்கு டைபாய்டு வந்து அம்மா தனியாகத் திண்டாடியபோது, அவர் ஏதோ ஒரு மலையில் கோவேறு கழுதையோடு நடந்துகொண்டிருந்தார். 'நல்ல குடும்பஸ்தர்' என்று அவரை யாராவது சொன்னால் எனக்கு உள்ளுக்குள் எரியும். உன்னிடம்கூட இதைச் சொன்னதில்லை.

இப்போது கடிதங்களை வரிசையாகப் படித்தேன். ஊர் அழகு பற்றி ஒரு வரி கிடையாது. தையல் மெஷினுக்கு பெல்ட் மாற்றியாயிற்றா, தங்கைக்குப் பல் விழுந்ததா, இதே கேள்விகள்தான். ஒரே தாளில் கோடு போட்டு எங்கள் மூன்று பேருக்கும் தனித்தனியாக இடம் ஒதுக்கியிருக்கிறார். என் பங்கில் எப்போதும் ஒரு கணக்கு: ஒரு ஆள் ஒரு நாளைக்கு நாற்பது வீடு பார்த்தால், ஆறு பேர் எத்தனை நாளில் ஆயிரத்து இருநூறு வீட்டை முடிப்பார்கள்? நான் ஒன்றுக்கும் விடை எழுதி அனுப்பவில்லை. அப்படியும் அடுத்த கடிதத்தில் கணக்கு வந்திருக்கிறது.

ஒரு கடிதத்தில் அலி மாவ் மாலின் பற்றி எழுதியிருக்கிறார். சோமாலியாவின் மெர்க்கா ஊர் ஆஸ்பத்திரியில் சமையல் வேலை பார்த்த இளைஞர். வலிக்கும் என்று பயந்து அம்மை குத்திக்கொள்ளாதவர். நோயாளிகள் வந்த வண்டிக்கு வழிகாட்ட ஏறிச் சில நிமிடம் கூடப் போயிருக்கிறார், அவ்வளவுதான். 1977 அக்டோபர் 26-ல் அவருக்கு முத்து போட்டது. உலகத்தில் இயற்கையாகப் பரவிப் பெரியம்மை வந்த கடைசி ஆள். பிழைத்துவிட்டார். பிறகு அவரே போலியோ சொட்டு மருந்துப் பிரச்சாரத்தில் இறங்கி, அந்த வேலையில் இருக்கும்போதே 2013-ல் மலேரியாவில் இறந்தார். அந்தச் செய்தியைப் படித்த அன்று அப்பா சாப்பிடவில்லை. இத்தனைக்கும் அவரை நேரில் பார்த்ததே இல்லை.

அம்மாவிடம் பாஸ்போர்ட்டைக் காட்டினேன். முத்திரைகளைத் தடவிப் பார்த்துவிட்டு, "இவர் எந்த நாட்டுக்குப் போனாலும் பார்த்தது பிள்ளைங்க கையைத்தான்" என்றார். உண்மைதான். வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பாவின் கண் முதலில் தோள்பட்டையில் அம்மை குத்திய தழும்புக்குத்தானே போகும்? என் மகளுக்கு அந்தத் தழும்பு இல்லை. அதில் அவருக்கு இருந்த பெருமையைப் பார்க்க வேண்டும்!

சரி, ஊசி விஷயத்துக்கு வருகிறேன். முனை இரண்டாகப் பிளந்த அந்த ஊசியில், நடுவே மருந்து ஒரு சொட்டு நிற்கும், தோலில் பதினைந்து முறை குத்த வேண்டும் என்று அப்பா காட்டியது நினைவிருக்கிறதா? நாம் இருவரும் திருடி வாழைப்பழத்தில் பதினைந்து பதினைந்தாகக் குத்தி, அவரிடம் வாங்கிய அடியும்? அன்று டப்பாவில் ஐந்து இருந்தன. ஒன்று தொலைந்துவிட்டது என்று நான்தான் பொய் சொன்னேன். முழங்கால் சரியானதும் கிளம்பி வா. வரும்போது அதையும் எடுத்து வா.

அம்மா உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னார்.

இப்படிக்கு,
உன் பழைய கூட்டாளி