எகிப்து எழுத்தை ஏ, பி, சி, டி ஆக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் சிறுவர் பக்கத்தில் ‘உன் பெயரை எகிப்து எழுத்தில் எழுது’ என்று ஒரு கட்டம் வந்திருந்தது. ‘ஏ’ முதல் ‘இசட்’ வரை எழுத்துக்கொரு படம். ஏழாம் வகுப்பு படிக்கும் என் பேத்தி அதை வைத்துக்கொண்டு, தன் பெயரை முதலில் இங்கிலீஷில் எழுதி, பிறகு ஒவ்வொரு எழுத்தையும் படமாக மாற்றிக்கொண்டிருந்தாள். பெயரில் ஒரு ‘ழ’ உண்டு. அதற்கு ‘இசட்’ ஒன்று, ‘எச்’ ஒன்று. வண்ணாரப்பேட்டைப் பிள்ளையின் பெயர் லண்டன் சுற்றித்தான் நைல் நதிக்குப் போக வேண்டுமா?

நான் ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை பக்கம் கடைப்பலகையும் தேர்தல் சுவரும் எழுதிப் பிழைத்தவன். பிளெக்ஸ் வந்து தொழில் படுத்த பிறகு, எழுத்தின் மேல் இருந்த ஆசையில் எகிப்தைப் பற்றித் தமிழில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். அந்த உரிமையில் சொல்கிறேன்.

எழுதப் படிக்கத் தெரியாதவர்களும் ஓட்டுப் போட வேண்டும் என்பதற்காக 1951-52 தேர்தலிலிருந்தே நம் நாட்டில் சின்னங்கள் உண்டு. சுவரில் நான் வரைந்த இரட்டை இலையையோ உதயசூரியனையோ யாரும் எழுத்துக்கூட்டி வாசித்ததில்லை. பார்த்தாலே கட்சி தெரியும். எகிப்து ஆந்தை அப்படியில்லை. அது பெரும்பாலும் ‘ம்’ என்ற ஒலி. நெளியும் தண்ணீர் ‘ந்’, வாய் ‘ர்’. இது தெரியாமல் ஐரோப்பியப் பண்டிதர்கள் பல நூற்றாண்டு ஒவ்வொரு படத்துக்கும் ரகசியத் தத்துவம் தேடிக்கொண்டிருந்தார்கள். சாம்போலியன் என்ற பிரெஞ்சுக்காரர் ஒரு வேலை செய்தார்: ஒரே செய்தியைக் கிரேக்கத்திலும் எகிப்து எழுத்திலும் வெட்டிவைத்த ரொசெட்டா கல்லில் உள்ளதை எண்ணினார். கிரேக்கத்தில் 486 சொற்கள். உடைந்து எஞ்சிய எகிப்துப் பகுதியில் 1,419 படங்கள். படத்துக்கு ஒரு சொல் என்றால் கணக்கு எங்கே உதைக்கிறது என்று பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள், அவர்களே சொல்லிவிடுவார்கள். 1822இல் அவர் அந்த எழுத்தின் பூட்டைத் திறந்த கதையை அதற்குப் பிறகு சொன்னால் போதும்.

மொட்டை மாடியில் என் பேத்தியையும் தெருப் பிள்ளைகளையும் உட்காரவைத்து நான் செய்தது இதுதான். எகிப்தியர்கள் உயிரொலியை எழுதுவதில்லை, மெய்யை மட்டுமே எழுதுவார்கள் என்று சொல்லிவிட்டு, கைப்பிடி வைத்த கூடையை வரைந்தேன்: ‘க்’. அதன் கீழே படுத்திருக்கும் சிங்கம்: ‘ல்’. எகிப்தை ஆண்ட கிரேக்க அரசர்களின் பெயர்களில் ‘ல்’ ஒலிக்கு இந்தச் சிங்கம்தான் வரும். “படிங்க” என்றேன். ஒருவன் ‘கல்’ என்றான், இன்னொருத்தி ‘கால்’ என்றாள், பின்வரிசையிலிருந்து ‘கள்’ என்று ஒரு குரல். மூன்றும் சரிதான்! எது என்று எப்படித் தெரியும்? அதற்கு எகிப்தியர்கள் சொல்லின் கடைசியில் வாய்விட்டு வாசிக்காத ஒரு படத்தைச் சேர்ப்பார்கள். சின்னக் கட்டி ஒன்று போட்டால் கல், காலை வரைந்தால் கால், பீர் ஜாடி போட்டால் கள். துணி காயப்போட வந்த என் மனைவி, “இன்னாய்யா, புள்ளைங்களுக்குக் கத்துக்குடுக்க ஒனக்கு வேற வார்த்தையே கெடைக்கலையா?” என்று சத்தம் போட்டாள். ஆனாலும் அந்தக் கடைசிப் படத்தின் வேலை என்ன என்று இன்றைக்குக் கேட்டாலும் அந்தப் பிள்ளைகள் சொல்வார்கள். உங்கள் கட்டத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

இன்னொன்று, தொழில்காரன் கண்ணில் படுவது. கட்டத்தில் படங்களை ரயில்பெட்டி மாதிரி கோத்திருக்கிறார்கள். எகிப்தியர்கள் இடத்தை வீணாக்க மாட்டார்கள். தட்டையானவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகவும் ஒல்லியானவற்றைப் பக்கம் பக்கமாகவும் வைத்துச் சதுரமாக அடைப்பார்கள். பறவையும் மிருகமும் எந்தப் பக்கம் பார்க்கின்றனவோ அந்தப் பக்கத்திலிருந்துதான் வாசிக்கத் தொடங்க வேண்டும். உங்கள் பக்கத்தில் ஆந்தை இடப்பக்கமும் சிங்கம் வலப்பக்கமும் பார்க்கின்றன, எங்கிருந்து வாசிப்பது? காவியில் நனைத்த நூலைச் சுவரில் இழுத்துச் சுண்டிக் கோடு போடுவது எங்கள் வழக்கம். அவர்களும் அப்படித்தான் கோடு போட்டிருக்கிறார்கள். வேலை பாதியில் நின்றுபோன ஹோரெம்ஹெப் அரசரின் கல்லறையில், சிவப்பில் போட்ட முதல் வரைவும் அதன்மேல் கறுப்பில் செய்த திருத்தமும் அப்படியே இருக்கின்றன. தப்பைத் திருத்திய அந்தக் கறுப்புக் கோட்டைப் பிள்ளைகளுக்குக் காட்டினால் பிரமிடைவிட அதிகம் ரசிப்பார்கள் என்பது என் எண்ணம்.

ஒன்பதாம் வகுப்பு சமூக அறிவியலில் பண்டைய நாகரிகங்கள் பாடம் இருக்கிறது. அதை நடத்தும் ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல்-காதிம் என்ற பழைய துறைமுகத்தில் ‘பானை ஒறி’ (பானையைத் தொங்கவிடும் உறி) என்று, பழந்தமிழ் எழுத்தான தமிழ் பிராமியில் கீறிய பானை ஓடு கிடைத்திருக்கிறது. அதே கரையில் உள்ள பெரனிகே துறைமுகத்தில் ஒரு இந்திய ஜாடி நிறைய, ஏழரை கிலோ மிளகு கிடைத்தது. அப்பா ஹார்பரில் வேலை செய்யும் பிள்ளைகள் நிறைந்த எங்கள் பகுதி வகுப்புகளில் பாடத்தை இங்கிருந்து தொடங்கலாமே.

அடுத்த வாரமே அந்தக் கட்டத்தைத் திருத்திப் போடுங்கள். ஒலி வரிசையில், எல்லா உருவமும் ஒரே பக்கம் பார்க்கும்படி, கூடவே பத்துப் பதினைந்து கடைசிப் படங்களுடன் நானே வரைந்து தருகிறேன். காசு வேண்டாம். அச்சுக்குப் போகும் முன் படத்தை இடவலமாகத் திருப்பிவிடாமல் பார்த்துக்கொண்டால் சரி.

இப்படிக்கு,
பெயர்ப்பலகை ஓவியர்,
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை-21